மாப்பிள்ளையின் முதுகில் இருப்பது வேல் அல்ல

என் தங்கை கணவனின் முதுகுக்குள் இருப்பது முருகனின் வேல் அல்ல. உம்பாய் என்ற கடலோர ஊரில், மீன் பிடிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் நான் வாங்கிய தூண்டில் முள்!

சொல்லிவிட்டேன்... சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இதைப் படிக்கும் உங்களைத் தவிர ஓர் உயிருக்கும் இது தெரியாது. என் மனைவிக்குக்கூடத் தெரியாது!

தூண்டில் முள்ளா, மனிதன் முதுகிலா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கொஞ்சம் பொறுங்கள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிடுகிறேன்.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன் நான். அது வயிற்றுக்கு. பெருமைக்கு? அலகு குத்துவது! மாசி மகம் நெருங்கிவிட்டால் என்னைக் கையில் பிடிக்க முடியாது. மஞ்சள் வேட்டி என்ன, உருத்திராட்சம் என்ன, நடை என்ன! "அந்த அண்ணன் கை பட்டா ரத்தமே வராதுலா" என்று பேசிக்கொள்வார்கள். அதைக் காதில் வாங்காதவன் போல நடந்துகொண்டே, காதைத் தீட்டிக் கேட்பேன். அப்படிப்பட்ட கர்வம் பிடித்தவன் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மகம். என் தங்கை தனத்துக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சேகரனுக்குச் செம்பனை ஆலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அதற்கு நேர்த்திக்கடனாக, முதுகில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு சின்னத் தேர் ஒன்றை இழுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான்.

என்னிடம் இருந்தவை நல்ல வெள்ளிக் கொக்கிகள். ஆனால் அந்த ஆண்டு யார் வந்து கேட்டாலும் "வாங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவைத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடைசியில் கணக்குப் பார்த்தால் கொக்கிகள் போதவில்லை! மற்றவர்களுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு, சொந்த மாப்பிள்ளைதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று உம்பாய்க்கு வண்டியை விட்டேன்.

கடைக்காரச் சீனர் என்ன மீன் பிடிக்கப் போகிறாய் என்று மலாயில் கேட்டார். "ஈக்கான் பெசார், தௌக்கே!" என்றேன். பெரிய மீன், முதலாளி! இரண்டு பேரும் சிரித்தோம்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் செதிலை அரத்தால் ராவினேன். சரியாகக்கூட ராவவில்லை, அவசரம். மஞ்சள் நீரில் ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, வெள்ளிக் கொக்கிகளோடு கலந்து தட்டில் பரப்பிவிட்டேன். விரதம் இருக்கும் உடம்பில் மீன் பிடிக்கும் முள்! நினைத்துப் பாருங்கள்... அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உறுமி முழங்க, சேகரன் தேரை இழுத்தான். வெறியோடு இழுத்தான்! கோயிலுக்குள் வந்ததும் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வலது தோள்பட்டைக்குக் கீழே இருந்த ஒன்று, நுனி இல்லாமல் என் கைக்கு வந்தது. அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினேன். தோலுக்கு அடியில் ஏதோ உறுத்தியது. ரத்தம் கசிந்தது.

"ரத்தம்லா!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

என் கை பட்டு ரத்தம்! ஒடிந்த கொக்கியை வேட்டி மடிப்பில் சொருகினேன். விபூதியை அள்ளி அந்தக் காயத்தில் அப்பினேன். பிறகு என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள். "வீட்டுல யாரோ விரதம் சரியா காக்கல! அதான் சாமி சோதிச்சிட்டாரு!"

வீட்டில் யார்? கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது தனத்தை. பால்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் தங்கையின் முகம் வெளிறிப் போனது.

ஏன் வெளிறியது தெரியுமா? கோயிலுக்குப் பின்னால் என்னைத் தனியாக இழுத்துப் போய் அழுதாள். "அண்ணே, நான்தாண்ணே காரணம். ஃபேக்டரில கூட வேலை செய்ற மலாய்ப் பொண்ணு நாசி லெமாக் சோறு குடுத்துச்சு. அதுல கெடந்த ஈக்கான் பிலிஸ் எல்லாத்தையும் ஒதுக்கிட்டுத்தான் சாப்பிட்டேன். ஒண்ணே ஒண்ணு தெரியாம வாயில போயிருச்சுண்ணே. துப்பிட்டேன். ஆனா ருசி நாக்குல பட்டுருச்சே..."

ஒரு நெத்திலிக் கருவாடு! விரல் நீளம்கூட இல்லாத ஒரு நெத்திலி! அடி பைத்தியமே, உன் புருஷன் முதுகில் இருப்பதே மீன் பிடிக்கும் முள்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. "சரி விடு. இனிமே ஜாக்கிரதையா இரு" என்றேன். புரிகிறதா உங்களுக்கு? நான் அவளை மன்னித்தேன். நான்!

அவளோ கள்ளம் தெரியாதவள். அன்றைக்கே கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு மாமியார் அவளை விளக்கேற்ற விடவில்லை. சாமி அறைப் பக்கம் அண்ட விடவில்லை. மாசி மாதம் வந்தால் அவளை என் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சேகரன் கெட்டவன் அல்ல, ஒரு வார்த்தை திட்டமாட்டான். ஆனால் அவள் தொட்டுக் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொள்ளமாட்டான். அவள் என் வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள், நான் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிப்பேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது ஆண்டுக்கணக்கில் என் வீட்டிலேயே நடந்தது.

இப்போது ஸ்கேன் கதைக்கு வருகிறேன்.

இப்படிச் சில மாசிகள் போன பிறகு, சேகரனுக்கு இடுப்பு வலி வந்தது. பிறகு வலது கால் மரத்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. நரம்பு எங்கேயோ நசுங்குகிறது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். அரசாங்கத்தில் எடுக்க வேறு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மலாக்கா நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அந்த மிஷின் புதிதாக வந்திருந்தது. ஆனால் காசு! எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் காசு.

தனம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. "சங்கிலி போனா வரும்ணே. கால் போனா வருமா?" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் அதுவரை எம்.ஆர்.ஐ. எடுத்தவர் யாரும் இல்லை. காப்பிக் கடையில் ஒரே பேச்சு! உயிரோடு சவப்பெட்டிக்குள் தள்ளுவார்களாம் என்றார் ஒருவர். உடம்பைச் சீவிச் சீவிப் படம் எடுப்பார்களாம் என்றார் இன்னொருவர். எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. வேன் ஒன்றை இரவல் வாங்கி, சேகரனைப் பின்னால் படுக்கவைத்து, அலோர் காஜா வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையின் காலைவிட அந்த மிஷினைப் பார்க்கும் ஆசைதான் எனக்கு அதிகம் இருந்தது!

ஸ்கேன் எடுக்கும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழ்ப் பெண். சிரித்த முகம். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னாள்.

"எக்ஸ்ரேல எலும்புதாண்ணே தெரியும். இதுல நரம்பு, சவ்வு எல்லாமே தெரியும். தலைக்கு, கழுத்துக்கு, முட்டிக்கு, இடுப்புக்குன்னு தனித்தனியா எடுப்போம். காசும் தனித்தனி. சில பேருக்கு மருந்து ஊசி போட்டு எடுக்கணும், அதுக்கு இன்னும் கூட. இவருக்கு இடுப்பு மட்டும் போதும், ஊசி வேணாம்."

"வெட்ட மாட்டாங்களே?"

"கத்தியும் இல்ல, எக்ஸ்ரே கதிரும் இல்லண்ணே. வெறும் காந்தம்தான். ஆனா சும்மா காந்தம் இல்ல, இரும்பு நாற்காலியப் பக்கத்துல கொண்டு போனா அப்படியே இழுத்துக்கும்!"

ஆகா என்று வாயைப் பிளந்தேன். பிளந்த வாய் அப்படியே நின்றது. காந்தம்... இரும்பு...

அவள் சேகரனிடம் கேட்டாள். "ஒடம்புக்குள்ள இரும்பு ஏதாச்சும் இருக்கா? ஆபரேஷன்ல வச்ச கம்பி, கண்ணுல பறந்து விழுந்த தூள், எதுவா இருந்தாலும் சொல்லிருங்கண்ணே."

"ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

இருக்கிறது! என் தொண்டைக்குள் ஒருவன் கத்தினான். இருக்கிறது, வலது தோள்பட்டைக்குக் கீழே! ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் தனம் பக்கத்தில் நிற்கிறாளே! சொன்னால் அவளுடைய அத்தனை மாசி மாதங்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டுமே! இத்தனை காலம் உள்ளே கிடந்த முள் கரைந்து போயிருக்காதா? இரும்பு கரையுமா? துருப்பிடித்து உதிர்ந்திருக்காதா? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். மேசை நகர்ந்து, சேகரன் அந்தக் குகைக்குள் போனான். மிஷின் டக் டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது.

அடுத்த நிமிடம் அலறல்! "முருகா!"

மிஸ்ஸி பாய்ந்தாள். மேசையை வெளியே இழுத்தார்கள். சேகரன் எழுந்து உட்கார்ந்தான். உடம்பெல்லாம் ஆடியது. கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் முகத்தில் பயம் இல்லை, ஏதோ பெரிய சந்தோஷம்!

"மச்சான்! அலகு குத்துன எடம்! அதே எடம்! உள்ளேருந்து யாரோ புடிச்சு இழுக்கறாங்க மச்சான்!"

"அலகா?" மிஸ்ஸி தலையில் கைவைத்தாள். "காவடி எடுத்தீங்களா? ஐயோ, அத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

உடனே மேல்முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு. ஒரு முனை கூர்மை. அதன் கீழே, நான் சரியாக ராவாத செதில் அகலமாகப் பிதுங்கி நின்றது.

சேகரன் உற்றுப் பார்த்தான். கைகளைக் குவித்தான். "வேல்" என்றான்.

தனமும் பார்த்தாள். அவள் கையும் தானாகக் குவிந்தது.

மிஸ்ஸி மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இது கொக்கி முனை மாதிரி இருக்கு. பயப்படாதீங்க. மரத்துப் போறதுக்கு ஊசி போட்டு எடுத்துருவாங்க, சின்ன வேலைதான். அப்புறம் தாராளமா ஸ்கேன் எடுக்கலாம்."

சேகரன் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீங்க சொல்லுங்க. நீங்கதானே குத்துனீங்க. அன்னிக்குக் கொக்கி ஏதும் ஒடஞ்சுதா?"

நேருக்கு நேர் கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நம்பிக் கேட்டான். மிஸ்ஸி என்னைப் பார்க்கிறாள், தனம் பார்க்கிறாள். சொல்லடா பாவி, சொல்! இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது!

"என் கொக்கி எதுவும் ஒடையல மாப்ளே" என்றேன்.

அவ்வளவுதான்! சேகரன் சத்தம் போட்டு அழுதான், சிரித்தான், மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "தனம்! ஒன் மேல தப்பே இல்ல தனம்! அன்னிக்கு ரத்தம் வந்தது சோதனை இல்ல, வரம்! சாமி வேல எனக்குள்ள வச்சிருக்காரு! இத யாரும் எடுக்கக் கூடாது! ஒன்னப் போயி இத்தன வருஷம்... என்ன மன்னிச்சுரு தனம்!"

என் தங்கை சிரித்தாள். கல்யாணத்தன்று சிரித்த சிரிப்பு! அதைப் பார்த்து நானும் அழுதேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்தச் சிரிப்பைக் கெடுத்திருப்பீர்களா?

வேண்டாம், பதில் சொல்லாதீர்கள். நானே சொல்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் மீது இருந்த பழி போயிருக்கும். அதே சிரிப்பு வந்திருக்கும். அவன் காலும் பிழைத்திருக்கும். என் பெயர் ஒன்றுதான் நாறியிருக்கும். தங்கைக்காகப் பொய் சொன்னேன் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட இரண்டாவது பொய்.

வேனை எடுக்கும்போது மிஸ்ஸி என்னைத் தனியே கூப்பிட்டாள். "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கண்ணே. அந்த இரும்ப எடுத்துட்டு சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. எந்த நரம்புன்னு தெரியாம டாக்டர் கை வைக்க மாட்டாரு. லேட் பண்ணா கால் செத்துரும், அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது." தலையாட்டினேன். நன்றாகவே தலையாட்டினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் சேகரன் திருப்புகழ் பாடினான். தனம் தாளம் போட்டாள். நானும் சேர்ந்து பாடினேன்!

தோட்டத்தில் சொல்ல வேண்டுமா? சேகரன் எக்ஸ்ரே படத்தை லைட்டுக்கு எதிரே பிடித்துக் காட்டினான். "அட ஆமாலா, வேலுதான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, மாலை சாத்தினார்கள். மாமியாரே தனத்தின் கையைப் பிடித்து சாமி அறைக்குக் கூட்டிப்போய், "நீ ஏத்து தாயி" என்று தீப்பெட்டியைக் கொடுத்தார். அந்தத் தீக்குச்சியின் வெளிச்சத்தில் என் தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு வந்த பேரைக் கேளுங்கள். வேல் இறங்கிய கை! சுங்கை ரம்பாயிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள், என்னிடம் அலகு குத்திக்கொள்ள. நான் வேண்டாம் என்று சொன்னேனா? மீசையைத் தடவிக்கொண்டே குத்தினேன்.

சேகரனின் கால் மெல்ல மெல்லச் சூம்பியது. முதலில் இழுத்து நடந்தான். பிறகு கைத்தடி. பிறகு இரண்டு பக்கமும் ஊன்றுகோல். ஆலை வேலை போனது. தனம் ஃபேக்டரியில் இரவு வேலையும் சேர்த்துப் பார்க்கிறாள்.

ஒரு நாள் துணிந்து போனேன். உண்மையைச் சொல்லவில்லை, அந்தத் துணிவு ஏது? சுற்றி வளைத்துப் பேசினேன். "மாப்ளே, அந்தத் துண்ட எடுத்துட்டு ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்தா என்ன?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்களா மச்சான் இப்படிப் பேசறீங்க? ஒங்க கையால வந்த வேலு. அத எடுத்துட்டு எனக்குக் கால் எதுக்கு?"

அங்கே, அந்த நொடியில் நான் உம்பாய் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம்... "அதுவும் சரிதான்" என்றேன்.

இப்போது டாக்டரிடம் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்பாரோ, இன்னும் ஏதாவது செய்யலாம் என்பாரோ, எனக்குத் தெரியாது. கேட்கவே எனக்குப் பயம். செய்யலாம் என்று அவர் சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டுமே!

சென்ற மாசி மகத்துக்கு முன்பு தனம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. "அவரு கால் சரியாகணும்னு வேண்டிக்கிட்டேண்ணே. நாக்குல வேல் குத்திக்கப் போறேன். வேற யாரும் வேணாம், நீதான் குத்தணும்."

என் தங்கைக்கு ஊசி என்றாலே பயம். சின்ன வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வேண்டாம் தனம் என்றேன். ஏன் என்று கேட்டாள். ஏன் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

திருவிழா அன்று அவள் என் முன்னால் வந்து நின்றாள். மஞ்சள் சேலை, ஈரத் தலை. பின்னால் சேகரன் ஊன்றுகோல்களில் சாய்ந்துகொண்டு "வேல் வேல்" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். நான் வேலைக் கையில் எடுத்தேன்.

குத்தினேன்.

வலியில் அவள் கண்ணோரம் நீர் வழிந்தது. நாக்கில் வேலோடு, பேச முடியாமல், அப்படியே குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தேன்.